ஆண் பப்பாளி

திருத்தங்கலில் ஏறிய இரண்டு பெண்கள் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"வீட்டுக்கு ஒரு ஆம்பளை போதும்னுதான் மதினி, பப்பாளி மரத்த வெட்டச் சொன்னேன்."

"ஏன், காய்க்கலையா?"

"ஆண் மரம். பூவாக் கொட்டுது, ஒரு பிஞ்சு இல்ல. எங்க வீட்டுக்காரரு அருவாள எடுத்ததும் பக்கத்து வீட்டுக்காரி ஓடியாந்து மறிச்சுட்டா. இது நிக்கப்போயிதான் அவ மரம் அம்புட்டுக் காய்க்குதாம். வாராவாரம் பழம் தாரேன்னுட்டா."

"நல்லதுதான?"

"என்ன நல்லது? இப்ப அவரு வேலைக்குப் போகாம அந்த மரத்தடியிலயே கட்டிலப் போட்டுப் படுத்துக்கிட்டு, 'சும்மா நிக்கிறதுக்கும் பலன் இருக்கு பாத்தியா'ங்காரு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? வாய் நெறயப் பழம் இருந்துச்சு."