பதினேழு சதவீத ஈரம்

இல்லக்கா, ஒட்டுக்கேக்கணும்னு கேக்கல. பக்கத்து சீட்டுல்ல, தானா காதுல விழுந்துச்சு. இதை எழுதுன பொண்ணு சண்டையக் கண்ணால பாத்திருக்க மாட்டான்னு போன்ல யார்கிட்டயோ சொல்லிச் சிரிச்சீங்களே... உங்க மடியில இருக்கற பத்திரிகையில... அந்தக் கதை நான் எழுதுனதுக்கா. ஐயோ, சாரியெல்லாம் வேணாங்க. நெசந்தானே, நான் எங்க சண்டையப் பாத்தேன்? எம்.ஏ. படிக்க இதே பஸ்ல தஞ்சாவூர் வரைக்கும் போய் வந்ததோட சரி.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோமா? முன் சீட்டுல எங்கம்மா.

எந்த எடத்துல சிரிச்சீங்க? ஈரப்பதம் பாக்கற எடமா? எல்லாரும் அங்கதான் சிரிக்கறாங்க. கதையில பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறவன் நம்ம நெல் கொள்முதல் நிலையம் மாதிரியே ஒண்ணைத் தொறந்து வச்சிருப்பான்ல. ஆம்பளைங்கள்லாம் ரோட்டோரம் தார்ப்பாய் போத்திக் குமிச்ச மாதிரி கெடப்பாங்க. மிஷினை வச்சுப் பாத்துட்டு, இவன் வீட்டை விட்டு வர்றப்ப அழுதிருக்கான், ஈரம் பத்தொம்பது காட்டுது, பதினேழுக்கு மேல எடுக்க மாட்டோம், ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டுக் கொண்டாங்கம்பான். அப்புறம் தூத்தி, கருக்காய்ப் பதரை ஒதுக்கிட்டு, சாக்குல கட்டித் தச்சு, நம்பர் போட்டு லாரியில ஏத்திருவான்.

எப்படித் தோணுச்சுன்னா... எனக்கு எங்க தோணுச்சுக்கா? எல்லாம் எங்கண்ணன் போன்ல சொன்னது. இளம்பரிதின்னு பேரு. ஓட்டல்ல சமையக்கட்டு வேலைன்னு ஒரு ஏஜெண்ட் வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். அங்க போனா, படிக்கத் தெரியாத பாஷையில ஒரு பேப்பர். கையெழுத்துப் போடச் சொல்லிருக்காங்க. மறுநாள் யூனிஃபார்ம், துப்பாக்கி. எடை போட்டாங்க, நம்பர் குடுத்தாங்க, நம்மூரு கொள்முதல் நிலையமேதாண்டின்னு சொல்லிச் சிரிச்சான். நான் பயந்துறக் கூடாதுன்னு. நானும் சிரிச்சேன்.

கடைசியா தீவாளிக்கு முந்தி பேசுனதுதான். ம்... இன்னைக்கு அதுக்குத்தான் போறோம். அவனை மீட்டுத் தரச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க. இது நாலாவது.

எழுதாமயே இருந்திருக்கலாம்க்கா. இப்ப கொள்முதல் நிலையத்துப் பக்கம் போனா நெல்லு நெல்லாவே தெரிய மாட்டேங்குது. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். சிரிக்கல, அழுவல. இளம்பரிதிக்கு எவ்வளவு காட்டுச்சாம்னு மட்டும் கேட்டாங்க.

போன வாரம் எங்க நெல்லு போட்டோம். ஆறு நாள் காவல் கெடந்து, ஏழாம் நாளு மிஷின் வச்சுப் பாத்துட்டு, பதினேழுதான், எடுத்துக்கறோம்னுட்டாங்க. மொத மூட்டையத் தச்சு லாரிப் பக்கம் தூக்கப் போறாங்க. அம்மா கருக்கரிவாளை எடுத்துச் சணலை அறுத்து, நெல்லை ரோட்டுலயே கொட்டி, கையால விரிச்சு விட்டுட்டு, இன்னும் ஈரமிருக்கு, ஏத்தாதீங்கன்னு பக்கத்துல உக்காந்துட்டாங்க.