சந்தைமுக்குச் சுமைதாங்கி

— கடப்பாரையைக் கீழ போடுங்கலேன்னு ஒருக்கா சொல்லியாச்சு. ஓவர்சீயரே, உம்ம ஆளுகளை விலகி நிக்கச் சொல்லும். இந்தக் கல்லைப் பேக்கணும்னா முதல்ல இந்தச் சரஸ்வதியைப் பேத்து ஓரமாப் போடட்டும்.

— அம்மா, நான் சொல்லுகதைக் கொஞ்சம்—

— கேக்காண்டாம். காலையில இருந்து கேட்டுக் கேட்டுக் காது புளிச்சாச்சு.

— மராமத்து ஆபீசு உத்தரவு, அம்மா. சந்தைமுக்கு வளைவை நேராக்கணும். கல்லு நடு ரோட்டுல வருது.

— ரோடு கல்லுக்கு மேல வருதுன்னு சொல்லும். கல்லு எங்கயும் போகல்ல, நட்ட எடத்துலதான் நிக்கு.

— போன மாசம் விழிஞ்ஞத்து மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கி இந்தக் கல்லுல வச்சுக்கிட்டு நின்னா. வளைவுல வந்த பஸ்ஸு அவ காலு மேல ஏறிச்சு. உள்ளதைச் சொல்லுகேன். இன்னும் ஒருத்தி காலு போகதுக்கு முன்னால—

— பஸ்காரன் கண்ணு பொட்டையாப் போனதுக்கு எங்க குடும்பத்துக் கல்லா பொறுப்பு? மிஷன் பள்ளிக்கூடத்துல நாலெழுத்து படிச்சுட்டு, தலையில ஒரு தொப்பியும் வச்சா ஊரையே பெரட்டிப் போட்டிரலாம்னு நினைப்பு. உம்ம பேரென்ன?

— சத்தியநேசன்.

— கேட்டீரா, பேரை. மூஞ்சியைப் பாத்தா நல்ல குடும்பத்துப் பிள்ளை கணக்கா இருக்கு, பேரு மட்டும் இப்பிடி. அந்த வில்லுவண்டியையும் வழியை மறிச்சு நிறுத்தியிருக்கீரு. படுதாவுக்கு உள்ள ஆரு?

— எங்க அம்மை.

— ஊரான் கல்லைப் பொளக்கதை அம்மைக்கு வேடிக்கை காட்டக் கொண்டு வந்தீராக்கும்?

— பாக்கணும்னு சொன்னா. கூட்டிக்கிட்டு வந்தேன்.

— நல்ல அம்மை, நல்ல பிள்ளை. சாமி, நீரு என்ன குடையைப் பிடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நிக்கேரு? உம்மைத் திருவனந்தபுரத்துல இருந்து வரச் சொன்னதே இதுக்குத்தான். புராதன ஆபீசுக்காரரு நீரு. ஒரு சர்க்காரு போர்டு எழுதி நட்டுட்டுப் போம். சர்க்காரு போர்டு நின்னா சர்க்காரே தொடமாட்டாதுல்லா.

— ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினா நான் எதைன்னு எழுதிக்கறது? கரமனையிலேர்ந்து இந்த வெய்யில்ல வந்திருக்கேன். சாம்பசிவன் போனான், ஒண்ணும் எழுதாம வந்தான்னு ஆபீஸ்ல சொல்லுவா. ஒவ்வொருத்தராப் பேசுங்கோ. கல்லு எந்தக் காலத்துக் கல்லு?

— ராஜா காலத்துக் கல்லு.

— இப்பவும் ராஜா காலந்தானேம்மா. எந்த ராஜா?

— அதெல்லாம் நீருல்லா பாத்துச் சொல்லணும். அதுக்குத்தானே சம்பளம்.

— இருங்கோ, இங்க வெட்டியிருக்கே. 'கொல்லம் ஆண்டு ஆயிரத்து எழுபத்தஞ்சு. சிவகாமி.' அடாடா, நான் மூணாம் கிளாஸ் படிச்ச வருஷம்னா இது. அப்போ நானும் புராதனம்தான், எனக்கும் ஒரு போர்டு வைக்கலாம் அல்லே?

— கல்லுக்க வயசைப் பாக்காண்டாம் சாமி, அதுக்க கதையைப் பாரும். எழுதிக்கிடும். சிவகாமி எங்க அண்ணன் குற்றாலலிங்கத்துக்குக் கெட்டினவ, எனக்கு மதினி. தலைப்பிரசவத்துல, பிள்ளை வயித்துல இருக்கவே போய்ச் சேந்தா. வயித்துச் சுமையோட போனவளுக்குச் சுமைதாங்கி நடணும், அது எங்க வழக்கம். ரெண்டு கல்லு நிறுத்தி மேல ஒரு கல்லு. தலைச்சுமைக்காரன் ஒவ்வொருத்தனும் இறக்கி வைக்க வைக்க, அங்க அவளுக்கும் பாரம் குறையும். ஆரியசாலைக் கடைகளுக்கு மிளகு சுமந்தவன் முதக்கொண்டு இங்க நின்னு மூச்சு விட்டுட்டுத்தான் போனான். எங்க அப்பா நட்டது.

— நன்னா இருக்கு. இதை அப்படியே போடலாம். 'பிரசவத்தில் உயிர் நீத்த சிவகாமியின் நினைவாக...'

— கல்லை உடைக்கல்ல, சார். பேத்துக் கொண்டுபோய்ச் சந்தைக்குள்ள நட்டுத் தாறேன்னும் சொல்லியாச்சு. அம்மா கேக்கல்ல.

— அதுவும் இல்லேன்னா நாங்க மியூசியத்துக்கு எடுத்துண்டு போறோம். பத்திரமா இருக்கும்.

— மியூசியத்துல எவன் வந்து சுமை இறக்குவான்? நீரா? சவம், பேச்சைப் பாரு. இந்த எடத்தை விட்டு ஒரு சாண் நகரப்படாது.

— அப்போ போர்டுல போடப் போற கதையாவது சரியா இருக்கட்டும். அவங்க எங்க வச்சுச் செத்தாங்க, கேளுங்க சார்.

— வீட்டுல. பின்ன வெட்டவெளியிலயா?

— எங்க தகனம்?

— ஆத்தங்கரையில. இவரு ஆருவே, போலீசா?

— இந்த ஊருல வயசானவங்களைக் கேட்டுப் பாத்தேன். சிதை எரிஞ்சதை ஒருத்தரும் கண்டதாச் சொல்லல்ல. பதினாறாம் நாளு சோறு தின்னது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கு.

— தின்ன சோத்துக்கு நன்றி கெட்டவனுக.

— கல்லு எப்போ கொத்தினீங்க?

— செத்த பொறவு. சாகுகதுக்கு முன்னால எவனாவது கொத்துவானா?

— கொத்தினீங்க. கிணத்துப்படிக்குன்னு வாங்கிப் பின்முற்றத்துல போட்டிருந்த கல்லு. கொத்தனும் வேலையிலதான் நின்னான். மருத்துவச்சி கையை விரிச்சதும் உங்க அப்பா முற்றத்துக்கு வந்து, படி வேண்டாம், சுமைதாங்கிக்குக் கொத்துன்னாரு. உள்ள அவங்க வலியில கிடக்காங்க, வெளியில உளிச் சத்தம். அது என்னதுன்னு கேட்டாங்க. கிணத்துக்குப் படின்னு நீங்கதான் சொன்னீங்க.

— ஆரு சொன்னா உமக்கு?

— கேட்டவங்க சொன்னாங்க.

— அந்த மருத்துவச்சி வாயி. செத்தும் அடங்கல்ல. சாகுகதுவரைக்கும் வீடு வீடாப் போயிச் சொல்லியிருக்கா.

— மிஷன் வண்டி வந்ததையும் சார்கிட்டச் சொல்லுங்க.

— வந்தது. வந்தா என்ன? விடியக்காலம் மிஷன் டாக்டரம்மா வண்டியோட வந்து வாசல்ல நின்னா. கொண்டுபோய்ப் பாக்கேன்னா. எப்பிடியும் போற உயிரு, கொண்டு போட்டும்னு அப்பா சொன்னாவ. உச்சை வெயிலுக்கு ஒருத்தன் வந்து, வழியிலயே அவ உயிரு போயாச்சுன்னான். நாங்க நம்பினோம். நம்பினது குத்தமா?

— ஆளனுப்பி விசாரிச்சீங்களா?

— என்னத்துக்கு? மிஷன்காரி தொட்டு, அவிய கஞ்சியையும் குடிச்ச பொறவு அவ இருந்தா என்ன, போனா என்ன? எங்க வீட்டுக்கு அவ செத்தவதான்.

— சரஸ்வதியம்மா, நான் பாதி எழுதிண்டுட்டேன். அந்தப் பொண்ணு செத்தாளா, இல்லையா? எனக்கு ஒரு வார்த்தையில வேணும்.

— சாகல்ல சாமி. போதுமா? சாகல்ல. பதினாறாம் நாளு ஊருக்குச் சோறும் போட்டு, கல்லும் நட்டு, அண்ணனுக்கு வேற பெண்ணு பேசி முடிச்ச பொறவு, தலையில ஒரு துணிமூட்டையும் நெஞ்சோட ஒரு பச்சைப்பிள்ளையுமா இதே வழியில வந்தா. நான்தான் முதல்ல கண்டேன். வீட்டுக்கு ஏறவிடாம இந்தக் கல்லடியில வச்சு மறிச்சேன்.

— மூட்டையை இந்தக் கல்லுல இறக்கி வைக்கப் போனாங்க. நீங்க தட்டி விட்டீங்க.

— தட்டி விட்டேன். செத்தவளுக்க கல்லுல செத்தவளே சுமை இறக்குனா அதுக்கென்ன அர்த்தம்? பேரைத் தொட்டுக் காட்டினேன். இது உனக்கு நட்டது, பாத்துக்கோ, நட்ட கல்லை எடுக்கப்படாது, நீ போயாச்சு, திரும்பி நடன்னேன்.

— அண்ணன் எங்க நின்னாரு அப்போ?

— நடைக்கதவுக்குப் பின்னால. வந்தது அவருக்குத் தெரியும். வெளிய வரல்ல.

— பின்னயும் வரல்லியா? ஒருநாளும்?

— போன வருசம் கண்ணை மூடினாரு. அதுவரைக்கும் இந்தக் கல்லைத் தாண்டிச் சந்தைக்குப் போனதில்ல. வயக்காட்டு வழியாச் சுத்தித்தான் போவாரு. உமக்கு என்னத்துக்கு இந்த ஆராய்ச்சி?

— சும்மா கேட்டேன்.

— கொடுமைன்னா இது. உயிரோட வந்தவளைக் கல்லைக் காட்டித் திருப்பி அனுப்பறதாவது.

— கொடுமைன்னு சொல்ல நல்ல லேசு, சாமி. அப்போ என் வயித்துலயும் ஒண்ணு ஏழு மாசமாக் கிடந்தது. வயித்துப் பிள்ளைக்குன்னு நட்ட கல்லைப் பிடுங்கினா, அந்தப் பாரம் அதே வீட்டுல இன்னொரு வயித்தைத் தேடிப் போகும். எங்க அம்மை சொன்னா, ஊரே சொல்லிச்சு. அவளுக்குக் கையில ஒரு பிள்ளை இருக்கு, உயிரு இருக்கு, போய்க் கிடக்க மிஷன் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? நான் என் பிள்ளையைப் பாத்தேன்.

— அந்தப் பிள்ளை?

— கல்லு நின்னுது. அது நிக்கல்ல.

— பகவானே.

— பெண்ணு. சத்தமில்லாமப் பொறந்தது. தாயி பிழைச்சுக் கிடந்தா சுமைதாங்கி கிடையாதாம், பிள்ளைக்குன்னு தனியா நடுகது வழக்கமில்லையாம். அதுக்கு ஒரு செங்கல்லு வச்சவன் இல்ல. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான் இங்க விளக்கு வைக்கது சிவகாமிக்குன்னு ஊரு நினைக்கு. நினைச்சுக்கிடட்டும். நீரு போர்டுல என்ன எழவை வேணும்னாலும் எழுதும், கல்லு இங்க நிக்கணும்.

— எழுதறதுக்கு என்னம்மா பாக்கி இருக்கு? உயிரோட இருந்தவளுக்கு நினைவுக்கல்லுன்னு போட்டா ஆபீஸ்ல என்னைப் பாத்துச் சிரிப்பா. எழுதினதை அடிச்சுட்டேன். ஓவர்சீயர், இது மராமத்து விஷயம். எங்க ஆபீஸ் இதுல இல்லே. நான் வரேன்.

— போம். குடையை மறந்துட்டுப் போகாதயும், அதுதான் உம்ம ஆபீசுலயே பழைய சாமானம்.

— அம்மா, அவரு போயாச்சு. இனி கல்லுக்குப் பக்கத்துல இருந்து தள்ளி நில்லுங்க.

— தள்ளமாட்டேன். உமக்கும் பெத்த தள்ளை ஒண்ணு உண்டுல்லா, அந்த வண்டியில? அவகிட்டப் போயிக் கேளும், பிள்ளை போன வயித்துக்க வேதனை என்னதுன்னு. கேட்டுட்டு வந்து கடப்பாரையைத் தூக்கும்.

— வேதனையெல்லாம் நெறையச் சொல்லியிருக்கா. உங்களுக்கு ஒரு பிள்ளை போனது மட்டும் சொல்லல்ல. அவளுக்கு அது தெரியாது. எனக்கும் இப்பத்தான் தெரியும்.

— அவளுக்கு எப்பிடித் தெரியும்? எந்த ஊருக்காரியோ, எந்த மிஷன்காரியோ. பேச்சை வளக்காண்டாம். உம்ம ஆளுகளைக் கூட்டிக்கிட்டு நடையைக் கட்டும். நட்ட கல்லை எடுக்கப்படாது. அவகிட்ட அண்ணைக்குச் சொன்னது அதுதான், இண்ணைக்கும் அதுதான்.

— ஆளுகளை விலகச் சொல்லியாச்சு. படுதாவையும் விலக்கியாச்சு, தலையில ஒரு துணிமூட்டையோட அவ இறங்கி வாறா, பாருங்க. மிஷன்ல அவளுக்கு வேற பேரு வச்சாங்க, பழைய பேரு இந்தக் கல்லுல இருக்கு. அண்ணைக்குச் சொன்னதை இண்ணைக்கும் எங்க அம்மை மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க, அத்தை.