குழாயின் உட்சுவர்

உங்கள் போலீஸ் ஸ்டேஷனின் இந்த மேசையை அமோனியா கலந்த நீரால் துடைத்திருக்கிறார்கள் என்றுதான் உள்ளே வந்ததும் நினைத்தேன். நைட்ரிக் அமிலம் இந்த வாசனையைக் காற்றிலேயே பிடித்து வெண்தூளாகிவிடும். நீ ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாய், லோர்னா. நான் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்.

டாஸ்மேனியாவின் இந்த முனையிலேயே பிறந்தவள் நீ. காற்றின் சுத்தத்தை அளக்கும் எங்கள் நிலையத்தின் வழக்கம் உனக்குத் தெரியும். தென்மேற்கிலிருந்து காற்று வரும்போது நாங்கள் எந்த எஞ்சினையும் ஓடவிடுவதில்லை. அது கடலைத் தவிர எதையும் தொடாமல் வரும் காற்று. நேற்று மாலை டெக்லனைத் தேடி வந்த நீகூடப் போலீஸ் வண்டியை வெளிக்கேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாய். என் சட்டைக் கையில் இரத்தத்தைப் பார்த்த பிறகும் நீ குரலை உயர்த்தவில்லை.

அந்த அமிலம் எதன்மீதும் ஒட்டிக்கொள்ளும். தூசி, உப்புத் துகள், இலை, கண்ணாடி. ஒட்டியது அப்படியே கிடப்பதில்லை. வெயில் பட்டால் மறுபடி வாயுவாக எழும். எங்கள் கடற்காற்றில் அது எவ்வளவு எழுகிறது என்று அளந்ததுதான் என் வாழ்நாள் வேலை. அந்த அளவை யாரும் எதிர்பார்க்கவில்லை.

டெக்லன் ஹோபார்ட்டிலிருந்து எங்கள் நிலையத்துக்கு வேலைக்கு வந்த புதியவன். நல்லவன். நேற்று நான் மேல்தளத்துக்கு ஏறியபோது, காற்றை உள்ளிழுக்கும் கண்ணாடிக் குழாயைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"மெரில், இங்க வா. உப்பு எப்படி அப்பியிருக்கு பாரு. உன் அமிலம் இதுலதான் ஒட்டிக்குது, வெயில் ஏறுனா கெளம்புது. நீ அளந்தது வானத்த இல்லம்மா, இந்தக் குழாய."

"இன்னொரு கோடை பாத்துட்டுச் சொல்லலாமே."

"இன்னும் எத்தன கோடை? அளவு தப்புன்னு நீயே சொல்லிடு, அதான் மரியாத. நான் பக்கத்துல நிக்கிறேன். கழுவி மாட்டுறேன் இரு. கருவி பூஜ்யம் காட்டலேன்னா வாரம் பூரா உனக்குத் திங்க பேக்கரி பை வாங்கித் தரேன், சிப்பிக்கறி வெச்சுச் சுட்டது."

சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை உள்ளே விட்டான்.

பெரிய ஸ்பேனர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. முதல் அடி காதுக்கு மேல் விழுந்தது. குழாய் உடைந்துவிடுமோ என்று அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அதற்காக அவனை இப்போதும் மெச்சுகிறேன். குழாயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி அடித்தேன். தாடை உடைந்தது. மூன்றாவது அடிக்குத் தேவையே இல்லை. அடித்தேன்.

காரை எடுக்க முடியாது, காற்று அப்படி. கைவண்டியில் வைத்துப் பாறைகள் வரை தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பிளவுக்குள் இறக்கினேன். அந்தத் தாடையோடு அவன் சொன்னது 'குளிருது' என்பதாக இருக்க வேண்டும். என் கோட்டைப் போர்த்திவிட்டு வந்தேன். நான் கொடுமைக்காரி இல்லை.

ஸ்பேனரை அலசினேன். குழாயைக் கழுவி மாட்டினேன். கருவி பூஜ்யம் காட்டியது. கழுவிய குழாய் பழகச் சில நாள் பிடிக்கும். அதுவரை அது காட்டுவதை நம்பக் கூடாது. எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நீ கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாய்.

"அவன் அக்கா வெளிய உக்காந்திருக்கா, மெரில். ஹெலிகாப்டர் ரெடி. அவ்வளவு பாறையிலயும் நடந்து தேடுனா பொழுது போயிடும்டி. எந்தப் பிளவு? அத மட்டும் சொல்லு. உசுரு இருக்கும்."

இருக்கலாம். திடமான உடம்பு. ஆனால் ஹெலிகாப்டரின் புகை காற்றில் போய் என் அமிலமாகத்தான் மாறும். கழுவிய குழாய் என்ன காட்டும் என்று பார்க்க ஆசைப்பட்டதும் டெக்லன்தான். அவனுக்காகவாவது இந்தக் காற்றைக் கெடுக்கக் கூடாது.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன்.

"இல்ல லோர்னா. காத்து திரும்பட்டும்."