ஆமென் வரை யாரும் தொடாத கணினி

பெயர் ஆனந்தபாய். வயது எழுபத்தெட்டு. காலஞ்சென்ற ரெத்தினதாஸின் மனைவி. தனுவச்சபுரத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகப் பணிசெய்து ஓய்வு பெற்றவள். மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும். ஆனாலும் நான் ஜெபிப்பது தமிழில் என்பதால் இந்த வாக்குமூலத்தையும் தமிழிலேயே சொல்கிறேன்; காவல் நிலையத்தில் காவலர் அம்பிளி எழுதுகிறார்.

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜின்சி ஒரு தனியார் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கடல் பொங்கும்போது, கடற்கரை ஊரான பொழியூர்க்காரர்களின் கைபேசிக்கு அழைத்து, மனிதக் குரலில் எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவை அந்த நிறுவனம் உருவாக்குகிறது. அந்தக் குரல் என்னுடையது. நான் பேசிக் கொடுத்ததைக் கேட்டுக் கற்றுக்கொண்ட பிறகு, நான் சொல்லாததையும் அது என் குரலில் சொல்லும் என்று ஜின்சி விளக்கியிருந்தாள். எச்சரிக்கைக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

கடந்த புதன்கிழமை மதியம் ஜின்சி என் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தாள். மூடிவிட்டுச் சாப்பிட வா என்றேன். "ஒரு நிமிஷம் ஆன்டி, வேலைக்கு அப்ளை செய்த ஒருத்தன் அனுப்பின ஃபோல்டர் ஆக்கும். தொறந்து மட்டும் வச்சிட்டு வாறேன்" என்றாள். திறந்தாள். கணினியை மூடவில்லை.

அதன் பிறகு ஜெபித்தோம். என் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் கைகோத்து ஜெபிப்பது வழக்கம். அவளுடைய இரண்டு கைகளும் என் கைகளுக்குள் இருந்தன. அப்போது திரையின் அடியில் ஒரு கறுப்புக் கட்டம் தானாகத் திறந்து, அதில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடி, பிறகு தானாகவே மூடிக்கொண்டது. கணினி எங்களிடம் எந்த அனுமதியும் கேட்கவில்லை. ஜின்சி கண்மூடியிருந்தாள். அந்த மென்பொருள் அவளுக்காகத்தான் ஏதோ வேலை செய்கிறது என்று நினைத்து நான் சொல்லவில்லை.

மறுநாள் மாலை, எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பொழியூர் நேசம் கைபேசியில் அழைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, நீங்க சொன்னதுனால ஆக்கும் போட்டது போட்டபடி ஓடினோம். கடலு சும்மா கெடக்குதே! எதுக்கு அக்கா இப்பிடிச் சொன்னீங்க?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். அதன் பிறகு அவள் மகள் தன் கைபேசியில் பதிவானதை ஒலிக்கவிட்டாள். "கடல் கேறிட்டு. பிள்ளைகளைத் தூக்கிட்டு ஓடுங்க. நிக்காதீங்க." அது என் குரல். மூச்சு எடுக்கும் இடம்கூட என்னுடையது. அந்த வார்த்தைகளை நான் பேசியதே இல்லை. வேலைக்காலம் முழுவதும் குரல்களோடு இருந்த என் கையிலிருந்து கைபேசி மீன்சட்டிக்குள் விழுந்தது. ஓடியவர்களில் நேசத்தின் மாமியார் கடல்சுவர்க் கல்லில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

அதன் பிறகு, அந்தப் பொய் எச்சரிக்கையை அனுப்ப யாரோ பயன்படுத்திய குரல் அமைப்பின் கடவுச்சொற்களை ஜின்சியே கட்டளையிட்டு வெளியே அனுப்பினாள் என்று நிறுவனம் புகார் கொடுத்தது. வெளியாள் அனுப்பிய ஃபோல்டரைத் திறந்த உடனே, அதற்குள் ஒளித்து வைத்த கட்டளையை அனுமதி கேட்காமலே ஓட்டிவிடும் ஓட்டை அந்த மென்பொருளில் உண்டு என்று ஜின்சி சொல்கிறாள். அதை யாரும் நம்பவில்லை. இப்போது பக்கத்து அறையில் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தின் உள்விவகாரம் எனக்குத் தெரியாது. கட்டளை போனதாக நிறுவனம் காட்டும் நேரம் புதன் மதியம் ஒரு மணி. என் வீட்டில் ஒரு மணிக்கு ஜெபம். அது மாறியதில்லை.

"ஜெபத்துல கண்ணு மூடியிருப்பீங்களே அம்மா, பின்னே எப்படிக் கண்டீங்க?" என்று எஸ்.ஐ. அஜீஷ் கேட்டார். "தற்செயலாகக் கண் திறந்தபோது" என்று காவலர் எழுதினார். அந்த வார்த்தைகளை அடிக்கச் சொன்னேன். மூடச் சொன்ன கணினியை அவள் மூடாத கோபத்தில், அதை முறைத்துக்கொண்டேதான் ஜெபித்தேன். முதல் வார்த்தையிலிருந்து ஆமென் வரை கண்ணை எடுக்கவில்லை. எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில், ஜெபத்தில் கண் திறப்பவர்களைப் பெயர் சொல்லிக் கண்டிப்பவள் நான். இருந்தாலும் வாக்குமூலத்தில் இது இப்படியே இருக்க வேண்டும்.

பிறர் வாசித்துக் காட்டாமல் நானே இதை வாசித்தேன். அடித்த இடத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் மட்டுமே. அவை உண்மை.

(ஒப்பம்)
ஆனந்தபாய்