மூன்றாவது ஊசி

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"ராத்தா, இண்டைக்கு என்ர ஊசிய நீங்க போடுங்களன்."

"என்ர மார்புப் புற்றுநோய்க்கு ஆறும் போட்டு முடிஞ்சி. உனக்கு இது மூணாவதுதானே புள்ள."

"போன ஊசிக்கு அஞ்சு நாள் சோறு இறங்கல்ல. மாமிக்கு எனக்கு இந்த வருத்தம் எண்டு தெரியாதே, நோன்பு எண்டு சொன்னன். அந்த மனிசி மஃரிபுக்கு நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சித் தந்திட்டா."

"குடிச்சியா?"

"குடிச்சிட்டு கிணத்தடியில சத்தி எடுத்தன். இனி ஏலா. நான் இறங்க மாட்டன்."

"மாமிக்கிட்ட பின்னேரம் நான் வந்து கதைக்கிறன்."

"வேணா ராத்தா."

ஆஸ்பத்திரியடியில் பஸ் நின்றது. மூத்தவள் இளையவளின் மடியிலிருந்த கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். பஸ் நகரத் தொடங்கியது.

"பொறுங்க, இறக்கம் இருக்கு!" என்று இளையவள் கத்தினாள்.