இறங்காத பெடல்

காலையில் ஐந்தரைக்கு மோட்டார் போடுவேன். தொட்டி நிறைய இருபது நிமிடம் ஆகும். அதற்குள் பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்து, வாசலைப் பெருக்கி, காரை மூடிய தார்ப்பாயை மடித்து வைப்பேன். இப்போது கார் இல்லை. தார்ப்பாய் இருக்கிறது. கார் நின்ற இடத்தில் மாலையில் அதை விரிக்கிறேன், காலையில் மடிக்கிறேன். எதிர்வீட்டு சுலோசனா அக்கா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சார். சொல்கிறேன்.

என் பெயர் தமிழரசு. வயது முப்பத்தொன்று. மெக்கானிக்கல் படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மனைவி கிருஷ்ணப்பிரியா ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் அப்பா கங்காதரன் டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்தொன்றாம் வருட அம்பாசிடர் ஒன்றை வைத்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு அதன் சாவியைத் தந்தார்.

அந்தக் காருக்குப் பிறவியில் பூஸ்டர் கிடையாது. மாமாதான் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டு, பூஸ்டரையும் பிற்பாடு பொருத்தினார். பிரேக் பெடலுக்கு முன்னால் கறுப்புச் சட்டி மாதிரி இருக்கும். இஞ்சின் உறிஞ்சும் காற்றின் வலுவைக் கொண்டு, கால் கொடுக்கும் அழுத்தத்தை அது பல மடங்காக்கும். அது வேலை செய்யாவிட்டாலும் பிரேக் இருக்கும். ஆனால் பெடல் கல்லாகிவிடும்.

எங்களிடம் வந்தபோது அது கல்லாகத்தான் இருந்தது. பூஸ்டரைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே இருந்த ரப்பர் திரை கிழிந்திருந்தது. புதிய திரை, புதிய சீல், புதிய ஹோஸ் எல்லாம் போட்டு மாட்டினேன். அப்படியும் பெடல் இறங்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேடினேன். ஒவ்வொரு இணைப்பிலும் ஊதுவத்திப் புகையைக் காட்டிக் காற்று கசிகிறதா என்று பார்த்தேன். கசிவே இல்லை.

மூன்றாவது ஞாயிறு பிரியா காபி டம்ளரோடு வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஹோஸின் நடுவே வரும் சிறிய வால்வைக் கையில் எடுத்து, விசில் ஊதுவது போல வாயில் வைத்து ஊதினாள். திருப்பி வைத்து மறுபடி ஊதினாள்.

"அரசு, இது ஒரு பக்கம்தான் காத்த விடுது. இன்ஜினியர் சார் தலைகீழா மாட்டிகினு மூணு வாரமா ஊதுவத்தி கொளுத்தறாரு. சாமிதான் வரல."

அவள் உதட்டில் கறுப்பாக ரப்பர் மை ஒட்டியிருந்தது. வால்வைத் திருப்பி மாட்டினேன். இஞ்சினை அணைத்த நிலையில் பெடலை ஐந்து முறை மிதித்து, ஆறாவது முறை மிதித்தபடியே இஞ்சினைக் கிளப்ப வேண்டும். பூஸ்டர் நன்றாக இருந்தால் காலடியில் பெடல் ஓர் அங்குலம் இறங்கும். இறங்கியது. அன்றிலிருந்து யார் காரை எடுத்தாலும் ஐந்து மிதி மிதித்துப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த ஞாயிறைத்தான் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து அவளுக்கு வேலையில் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. காரை விற்றுவிட்டு இருவரும் போகலாம், அங்கே எனக்கும் வேலை கிடைக்கும் என்றாள். இருவரும் என்றுதான் சொன்னாள். போகலாம் என்பது மட்டும் என் காதில் நின்றது. வேண்டாம் என்றால் காரணம் கேட்பாள். காரணத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முகப்பேரிலிருந்து லோகநாதன் என்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து காரை ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை பிரியா அப்பா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் வால்வைத் தலைகீழாக மாட்டினேன். இரண்டு கிளிப், ஒரு ஸ்க்ரூடிரைவர், மூன்று நிமிடம். லோகநாதன் எங்கள் தெருவிலேயே மிதித்துப் பார்ப்பார், பயந்து போய்விடுவார், இந்தக் கார் விலைபோகாது என்று பிரியாவும் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை லோகநாதன் போன் செய்தார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம், காரை அங்கே கொண்டுவர முடியுமா என்றார். நான் கொண்டுபோனால் அவர் எதிரிலேயே கோளாறைத் தேட வேண்டிவரும், சரிசெய்யவும் வேண்டிவரும். தலைவலி என்றேன். தலைவலி இல்லை. அவள் சாவியை எடுத்தாள்.

பூஸ்டர் இல்லாவிட்டால் எவ்வளவு பலமாக மிதிக்க வேண்டும் என்று முந்தின நாளே தெருமுனை வரை ஓட்டிப் பார்த்திருந்தேன். நின்றது. ஆனால் அது என் கால். நான் எழுபத்தெட்டு கிலோ. அவள் நாற்பத்தாறு.

அயனம்பாக்கம் பக்கம் ஒரு சந்திலிருந்து தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து சாலையில் ஏறியது. பின்னால் நின்று கைகாட்டிய கிளீனர் பாபு உங்களிடம் சொன்னபோது நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு ரெண்டு காலையும் வெச்சு மிதிச்சுகினு இருந்துச்சு சார். சீட்ட விட்டு எழுந்தே நின்னுச்சு. வண்டி நிக்கல சார்."

காரின் முன்பக்கம் முழுவதும் நசுங்கிவிட்டது. பழைய வண்டி, பிரேக்கின் நிலையை அறிய இயலவில்லை என்று அறிக்கை வந்தது. அதோடு முடிந்திருக்கும்.

நேற்று மாமா வந்தார். மூன்று மாதத்தில் பாதியாகிவிட்டார். தார்ப்பாயைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, நான் தடுப்பதற்குள் குனிந்து என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, என் பொண்ண நான்தான் கொன்னேன். அந்த பூஸ்டர மாட்டுனது இந்தக் கைதான். என்ன மன்னிச்சிடுங்க."

தூக்கி உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். விடுங்க மாமா, உங்க மேல எனக்குக் கோபமில்ல என்றேன். அவர் கொஞ்சம் தேறினார். டீ குடித்தார். ஆவடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். நான் அவரை மன்னித்திருக்கிறேன் என்பது தொட்டிக்கு மோட்டார் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால்தான் இன்று ஸ்டேஷனுக்கு வந்தேன். அவர் சாப்பிட வேண்டும், சார். அவர் கை இல்லை என்று அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். சோறு மட்டும் வெச்சுடு, குழம்ப நான் வந்து வெக்கிறேன் என்று சொன்னதாகச் சொன்னேன். மயானத்தில் சொன்னேன், மாமாவிடம் சொன்னேன், உங்கள் முதல் விசாரணையிலும் சொன்னேன். அவள் அதைச் சொன்னது உண்மைதான். ஆனால் சமையலறையில் சொன்னாள்.

அதற்குப் பிறகு காரில் உட்கார்ந்தாள். இஞ்சினைக் கிளப்பாமல் ஐந்து முறை மிதித்தாள். எண்ணிக்கொண்டு நின்றேன். ஆறாவது மிதியில் கிளப்பினாள். காலைத் தூக்காமல் ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, பெடல் இறங்கவே இல்லையே, வால்வ மறுபடி தலைகீழா மாட்டிட்டியா என்று சிரித்தாள். ஸ்க்ரூடிரைவர் என் பேன்ட் பாக்கெட்டில்தான் இருந்தது. எல்லாம் பார்த்துவிட்டேன், இஞ்சின் சூடானால் சரியாகிவிடும் என்றேன்.

"சரி அரசு. நீ பாத்துட்டேன்னா எனக்குப் போதும்."