தையல் விட்ட காரணம்

— ...அப்ப டாக்டர்கிட்ட அப்படியா சொன்னீங்க? இருமுனேன், தையல் விட்டுப்போச்சுன்னு?

— ஆமாலா. வேற என்னத்தச் சொல்றது.

— குடலெறக்கத்துக்கு ஆப்பரேசன் பண்ணி ஒம்போது நாளுதான் ஆவுது. இருமுனதுக்கா புண்ணு இப்படி வாயப் பொளந்துக்கும்? ‘உங்க புருசன் பிச்சைமுத்து வீட்ல என்னத்தத் தூக்குனாரு’ன்னு நர்ஸ் மிஸி என்னையத்தான் கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— தெரியாதுன்னேன். தெரியும். முந்தாநாளு நான் வேலைக்குக் கெளம்புறப்ப புது கேஸ் தோங், அந்த இரும்பு சிலிண்டரு, வாசல்ல இருந்துச்சு. திரும்பி வந்தா குசினியில அடுப்போட மாட்டியிருக்கு.

— தூக்குனேன். இப்ப என்னா?

— உங்க கூட்டாளி தர்மா அண்ணன் சாயங்காலம் வந்து மாட்டித் தரேன்னு சொல்லியிருந்தாருல்ல?

— அதான்லா தூக்குனேன். காலையில உன்னய வேலைக்குக் காடியில ஏத்திட்டுப் போறது அவன். பாசார்லேர்ந்து மீன் வாங்கியாறது அவன். பல்பு மாத்துறதும் அவன். நான் மல்லாந்து கெடக்கேன். அவன் என்னமோ சொல்றான், நீ சிரிக்கிற. அந்தச் சத்தம் மட்டும் ரூமுக்குள்ள வருது. எங்கிட்ட அப்படிச் சிரிச்சு எத்தன வருசம் ஆச்சு?

— அதுக்காகவா?

— அதுக்காகத்தான். அவன் வர்றப்ப தோங் மாட்டியிருக்கணும்னு தோணுச்சு. தூக்குறப்பவே உள்ள சுருக்குன்னு இழுத்துச்சு. நேத்தெல்லாம் வீக்கம். உங்கிட்டச் சொல்லல. சொன்னா நீ அவனத்தான் கூப்புடுவ.

— சீழும் ரத்தமும் கைலிய நனைச்சப்ப அவரத்தான் கூப்புட்டேன். லிப்ட் கெட்டுக் கெடந்துச்சு. அஞ்சு மாடியும் உங்கள நாற்காலியில உக்கார வச்சு, பக்கத்து வீட்டுக்காரரோட சேந்து தூக்கிட்டு எறங்குனாரு.

— தெரியும். அவன் சட்டையெல்லாம் என் சீழு. அப்பவே செத்திருக்கலாம்லா.

— டாக்டர் சொன்னதக் கேட்டீங்களா? குடலு எறங்காம இருக்க உள்ள வச்ச வலைக்கும் சீழு எறங்கிட்டா, திரும்ப அறுத்து அத எடுக்கணுமாம்.

— கேட்டேன். துளசி, நீ ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கும் அவனுக்கும்...

— அத முழுசாக் கேட்டுறாதீங்க.

— பின்ன எதுக்குத் தெனம் வர்றான்? கோலா கங்சார் எஸ்டேட்டுல எங்கூட ஒண்ணா வளந்தவன்தான், இல்லேங்கல. ஈப்போவுக்கு வந்தப்புறம் இருவது வருசமாத் தீபாவளிக்குத் தீபாவளிதான் எட்டிப் பாப்பான். இப்ப ஆப்பரேசன் முடிஞ்ச நாள்லேர்ந்து ஒரு நாள் தப்பல. யாரு வரச்சொன்னது? நீதானே?

— நான் வேணாம்னுதான் சொன்னேன். அவரு கேக்கல. உங்ககிட்டச் சொன்னா கூச்சப்படுவீங்கன்னு என்னையும் சொல்ல விடல. ஆப்பரேசன் அன்னிக்கு மயக்கம் பாதிகூடத் தெளியல, அவரு கைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, ‘நான் எந்திரிச்சு நடக்குற வரைக்கும் தெனம் வாடா தர்மா, துளசி தனியாக் கஷ்டப்படுவா’ன்னு நீங்கதான் அழுதீங்க.